பேட்டரி புதிது, ஆனாலும் சார்ஜ் நிற்கவில்லை: ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன்

கேள்வி: என்னுடையது இருபது வருடப் பழைய பெட்ரோல் கார். பேட்டரி மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது. தினமும் ஓட்டினாலும் காலையில் செல்ஃப் திணறித்தான் எடுக்கிறது. இரண்டு நாள் நிறுத்திவிட்டால் எடுப்பதே இல்லை. ஹெட்லைட்டும் ஏசியும் சேர்த்துப் போட்டால் டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு மங்கலாக எரிகிறது. ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டரே கெட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளும் துருப்பிடித்த ஒரு வயர் முனையாலும் வரும். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் எது என்று வீட்டிலேயே பிரித்துப் பார்த்துவிடலாம். ஓடும்போது சார்ஜ் ஏறாதது ஒரு கோளாறு, நிற்கும்போது சார்ஜ் கசிவது வேறு கோளாறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல பாகங்கள் வீணாகக் கழற்றி எறியப்படுகின்றன.

முதலில் பேட்டரியைத் தனிச் சார்ஜரில் வைத்து முழுதாக ஏற்றுங்கள். பாதி இறங்கிய பேட்டரியோடு எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது. ஏற்றி முடித்து ஓர் இரவு சும்மா விட்டபின் 12.6 வோல்ட்டோ சற்றுக் கூடவோ காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. முழுதாக ஏற்றியும் 12.4-ஐத் தாண்டவில்லை என்றாலோ, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தாலோ, புதிது என்று பார்க்காமல் பேட்டரியைச் சந்தேகியுங்கள். அடிக்கடி அடிமட்டம் வரை இறங்கிய பேட்டரி இரண்டு மாதத்திலேயே பழுதாகக்கூடும்.

அடுத்து எஞ்சினை ஓடவிட்டு பேட்டரி முனைகளில் அளவெடுங்கள். ஆக்ஸிலரேட்டரைச் சற்றுக் கொடுத்து நிமிடத்துக்கு 1,500 சுற்றில் வைத்தால் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். பிறகு ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடுங்கள். அப்போதும் 13.5-க்குக் கீழே போகக் கூடாது. சுமை இல்லாமல் 14.2 காட்டிவிட்டு, சுமை ஏற்றியதும் 13-க்குச் சரிந்தால் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட் நழுவுகிறது, அல்லது வயரில் தடை இருக்கிறது, அல்லது ஆல்டர்னேட்டருக்குள் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் டையோடு ஒன்று போயிருக்கிறது. 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அதை அப்படியே விட்டால் பேட்டரித் தண்ணீர் வற்றும், பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும். எஞ்சின் ஓடியும் 12.4-லேயே நின்றால் சார்ஜ் துளியும் வரவில்லை என்று பொருள்.

பெல்ட்டை எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் பழைய வி வடிவப் பெல்ட் சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்கலாம், அதற்கு மேல் கூடாது. பக்கவாட்டில் கண்ணாடி போல் மினுமினுத்தால் இறுக்கிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

இனி வருவதுதான் பலரும் தவிர்த்துவிடும் சோதனை. பழைய காரில் அதிகப் பலன் தருவதும் இதுதான். எஞ்சின் ஓடட்டும், எல்லாச் சுமையும் போட்டிருக்கட்டும். மீட்டரை நேர்மின் (DC) வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னாலுள்ள தடித்த வயர் பூட்டிய போல்ட்டிலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ் முனையிலும் வையுங்கள். கிளாம்ப் மேல் வைக்காமல் ஈய முனையின் மேலேயே வையுங்கள். நீங்கள் அளப்பது வழியில் தொலையும் வோல்ட்டை. 0.3-க்குள் இருந்தால் சரி. 0.8, 1 என்று காட்டினால் ஆல்டர்னேட்டர் செய்து அனுப்புவது பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை. மங்கலாக எரியும் விளக்குக்கும் இதுவே காரணமாகலாம். அந்த விளக்கின் ஒரு பக்கம் பேட்டரி வழியே வருகிறது, மறுபக்கம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை எரியாது, வித்தியாசம் கூடக் கூட எரியும். சுமை போட்டால் மட்டும் எரிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் இந்த வயரைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அதேபோல் ஆல்டர்னேட்டரின் உலோக உடலுக்கும் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் இடையே அளவெடுங்கள். 0.2-க்கு மேல் இருந்தால் எர்த் பட்டை பழுது. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே போகும் பின்னல் பட்டை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் போல்ட்டுக்கு அடியில் அரித்திருக்கும். உறுதி செய்ய ஒரு ஜம்பர் கேபிளை எஞ்சின் உலோகத்திலிருந்து பேட்டரி மைனஸுக்கு நேரடியாகப் போடுங்கள். பேட்டரியில் வோல்ட் ஏறினால் பழைய எர்த் வழிதான் குற்றவாளி. முனைகளைக் கழற்றி உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே வாசலின் தடவினால் போதும். வயருக்குள் பச்சை பூத்திருந்தால் தேய்ப்பதில் பயனில்லை, வயரையே மாற்றுங்கள்.

வயர்கள் சரியாக இருந்தால் டையோடு பக்கம் வாருங்கள். மீட்டரை அலைக்கோடு போட்ட மாறுமின் (AC) வோல்ட்டுக்கு மாற்றி, ஹெட்லைட் எரிய, 1,500 சுற்றில் பேட்டரி முனைகளில் அளவெடுங்கள். நல்ல ஆல்டர்னேட்டரில் 0.1, 0.2 போலத்தான் வரும். 0.5-ஐத் தாண்டினால் டையோடு கெட்டிருக்கிறது. எஞ்சின் நின்றிருக்கும்போதே இந்த அளவில் 20-க்கு மேல் காட்டும் மலிவு மீட்டர்கள் உண்டு. அவை இந்தச் சோதனைக்கு உதவாது.

கசியும் டையோடு ஓடும்போது சார்ஜைக் குறைப்பதோடு, நிற்கும்போது பேட்டரியையும் உறிஞ்சும். அதனால் கசிவையும் அளந்தே ஆக வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, பானெட் விளக்கு இருந்தால் பல்பைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் மைனஸ் கேபிளைப் பிரியுங்கள். ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் உண்டென்றால் முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பிரித்த கேபிளுக்கும் மைனஸ் முனைக்கும் நடுவே இணையுங்கள். இந்த நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் உடனே போய்விடும், சாவியையே தொடாதீர்கள். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அது ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணிதான். அரை ஆம்பியர் காட்டினால் இரண்டு நாளில் 24 ஆம்பியர் மணி போய்விடும். 45 ஆம்பியர் மணி பேட்டரியில் அது பாதிக்கு மேல். உங்கள் காருக்கு நடப்பது இப்படியும் இருக்கலாம்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதை எடுத்ததும் அளவு சட்டென இறங்குகிறதோ அந்தப் பாதையில்தான் கசிவு. கார் வாங்கிய பிறகு வைத்த ஸ்டீரியோ, அலாரம், டிக்கி விளக்கு ஆகியவையே பெரும்பாலும் சிக்கும். எந்த ஃபியூஸுக்கும் அசையவில்லை என்றால் மீட்டரை எடுத்துவிட்டு, மைனஸ் கேபிள் பிரிந்திருக்கும்போதே ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றி முனைக்கு டேப் சுற்றுங்கள். மீட்டரை மறுபடி இணையுங்கள். கசிவு நின்றுவிட்டால் டையோடு என்பதில் சந்தேகமே இல்லை.

விளக்கைப் பற்றி இன்னொன்று. சாவியைத் திருப்பியதும், எஞ்சின் எடுக்கும் முன், அது நன்றாக எரிய வேண்டும். பல பழைய கார்களில் ஆல்டர்னேட்டருக்குத் தொடக்க மின்சாரமே அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போனால் சார்ஜ் வராது, அல்லது எஞ்சினை முறுக்கிய பிறகே வரும். மாறாக, ஓடும்போது விளக்கு முழுப் பிரகாசமாக எரிந்து 12.4-லேயே நின்றால், ஆல்டர்னேட்டரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். உடலை மரப்பிடியால் மெல்லத் தட்டும்போது சார்ஜ் வந்து வந்து போனால் ஏறக்குறைய அதுதான்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறையை யார் செய்யச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அந்த நொடியில் எழும் மின்னழுத்தம் ரெகுலேட்டரையும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ இருந்தால் அதையும் சேர்த்துச் சாகடிக்கும்.

குறை ஆல்டர்னேட்டரில்தான் என்று தெரிந்த பிறகும் முழுதாக மாற்ற அவசரப்படாதீர்கள். பிரஷ், ரெகுலேட்டர், டையோடு தட்டு, பேரிங் எல்லாம் பெரும்பாலான பழைய மாடல்களுக்குத் தனித்தனியாகக் கிடைக்கின்றன. பல ஆல்டர்னேட்டர்களில் பிரஷும் ரெகுலேட்டரும் ஒரே துண்டாக, பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். உள்ளே சுற்றும் செம்பு வளையங்கள் பள்ளம் விழுந்திருந்தாலோ, சுருள் கருகி வாடை அடித்தாலோ மட்டும் முழுதாக மாற்றுங்கள். தடித்த வயரில் எப்போதும் மின்சாரம் இருப்பதால் வேலை தொடங்கும் முன் மைனஸ் கேபிளைப் பிரித்துவிடுங்கள். பூட்டி முடித்ததும், எல்லாச் சுமையும் போட்ட நிலையில் அதே அளவுகளை மறுபடி எடுத்து, முதலில் குறித்ததோடு ஒப்பிடுங்கள்.