பிரெஞ்சுப் படிப்பைப் பாதியில் விடலாமா?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழியும் பண்பாடும் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளியில் பிரெஞ்சு படித்ததில்லை, இங்கே வந்துதான் முதல் எழுத்திலிருந்து தொடங்கினேன். எங்கள் துறையில் ஒரு பருவம் படிக்க பிரான்ஸிலிருந்து இரண்டு மாணவர்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் பேசினால் புரிகிறது. தங்களுக்குள் பேசிக்கொண்டால் பத்தில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. என் அத்தை மகன் தனியார் வகுப்பில் சேர்ந்து ஒரே ஆண்டில் டெல்ஃப் பி2 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் தேறிவிட்டான். எனக்கோ 17-ஆம் நூற்றாண்டு நாடகம், 1789 புரட்சி, கவிதை விளக்கம் என்று போகிறது. ஒரு கவிதையை ரசித்து நான்கு பக்கம் எழுதினேன், 20-க்கு 9 கிடைத்தது. "ஒரு மொழி கற்க மூன்று வருஷமா? அப்புறம் வேலைக்கு என்ன வழி?" என்று அப்பா கேட்கிறார். படிப்பை விட்டுவிட்டு நானும் ஒரு வகுப்பில் சேர்ந்துவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அந்த இரண்டு மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நானும் அப்படி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பிரெஞ்சில் பட்டம் முடித்து மேற்படிப்புக்காகப் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் நகருக்குப் போன முதல் வாரம். மாணவர் உணவகத்தில் ஒரு மேசையைச் சுற்றி ஐந்து பேர். ஒரு பெண் தன் ஊரைப் பற்றிச் சொல்லும்போது "நெஃப்-த்ருவா" என்றாள். ஒன்பது, மூன்று. மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவன் அக்கறையாக ஏதோ விசாரித்தான். இரண்டுமே நான் முதல் மாதத்தில் படித்த எண்கள். ஆனாலும் அங்கே என்ன நடக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை.

பிரான்ஸில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. பாரிஸை ஒட்டி வடகிழக்கே இருக்கும் ஸேன்-ஸான்-தெனி மாவட்டத்தின் எண் 93. முறைப்படி அதை "காத்ர-வான்-த்ரேஸ்" என்று சொல்ல வேண்டும், அதாவது நாலு இருபதும் ஒரு பதின்மூன்றும். அந்த மாவட்டத்துப் பிள்ளைகள் அதை உடைத்து "ஒன்பது-மூன்று" ஆக்கிக்கொண்டார்கள். குடியேறிய குடும்பங்கள் நிறைய வாழும் அடுக்குமாடிக் குடியிருப்புகள், ராப் பாட்டு, கால்பந்து, 2005-இல் அங்கே தொடங்கி நாடெங்கும் பரவிய கலவரம், "அந்த ஏரியாவா?" என்று வேலை தேடும்போது பார்க்கப்படும் பார்வை, அதற்கு எதிராக நிமிர்ந்து சொல்லும் பெருமை எல்லாம் அந்த இரண்டு எண்களுக்குள் இருக்கின்றன. அகராதியில் ஒன்பதையும் மூன்றையும் தேடிப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

ஆகவே படிப்பை விட வேண்டாம் என்பதுதான் என் பதில். மொழி வகுப்பு சொற்களைக் கொடுக்கும். அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளத்தான் மூன்று ஆண்டுகள். அதே நேரம் உங்கள் குறையிலும் நியாயம் இருக்கிறது. பல்கலைக்கழகப் படிப்பு பேச்சு மொழியைத் தானாகக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடாது. அதை நீங்களாகத்தான் தேடிப்போக வேண்டும். முதலிலேயே இதைச் சொல்லிவிட்டால் எத்தனையோ மாணவர்கள் மனம் உடைய மாட்டார்கள்.

பேச்சைப் பற்றி முதலில் சொல்கிறேன். தமிழ் தெரிந்தவருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். "வந்துகொண்டிருக்கிறேன்" என்று புத்தகத்தில் படித்த வெளிநாட்டுக்காரரிடம் "வந்துட்டிருக்கேன்" என்று சொன்னால் அவர் திகைத்துப்போவார். பிரெஞ்சிலும் அதே கதைதான். "எனக்குத் தெரியாது" என்பதற்கு "ஜ ந ஸே பா" என்று படித்திருப்பீர்கள். நண்பர்களுக்குள் அது "ஷே பா" ஆகிவிடும். எதிர்மறையின் "ந" பேச்சில் பெரும்பாலும் காணாமல் போகும். "நாம்" என்பதற்குப் படித்த "நூ" பின்னுக்குப் போய் "ஓன்" வந்து நிற்கும். நீங்கள் கதைகளில் படிக்கும் பாஸே ஸாம்ப்ல் என்ற இறந்தகால வடிவத்தை இன்று யாரும் உரையாடலில் பயன்படுத்துவதில்லை. வகுப்பில் எழுத்து பிரெஞ்சைப் படித்துவிட்டு, மேசையில் பேச்சு பிரெஞ்சைக் கேட்டிருக்கிறீர்கள். இது உங்கள் திறமைக் குறைவு இல்லை. எழுத்தும் பேச்சும் இவ்வளவு விலகி நிற்கும் ஒரு மொழியில் பிறந்து வளர்ந்த உங்கள் காதுக்கு இந்த இடைவெளி பழக்கமானதுதான். நம்மால் முடியும்.

பிரான்ஸின் ஆர்.எஃப்.ஐ. வானொலியில் எளிய பிரெஞ்சுச் செய்தி என்று பத்து நிமிட நிகழ்ச்சி ஒன்று வருகிறது. அதன் எழுத்து வடிவமும் இணையத்தில் கிடைக்கும். முதல் தடவை எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள், அடுத்த தடவை பார்த்துக்கொண்டே கேளுங்கள். மூன்றாவது தடவை அறிவிப்பாளரின் பின்னாலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர் மூச்சு விடும் இடத்தில் நீங்களும் விடுங்கள். பிரெஞ்சில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும். எழுத்தில் இருந்தும் ஒலிக்காத கடைசி மெய்யெழுத்து, அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் பல இடங்களில் உயிர் பெற்றுவிடும். நம் புணர்ச்சி விதிகளைப் படித்த உங்களுக்கு இது அந்நியமாக இருக்காது. கண்ணால் மட்டும் படித்தால் இது காதில் ஏறாது. நாலைந்து மாதம் விடாமல் செய்து பாருங்கள். செய்தி பழகிய பிறகு இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் பாட்காஸ்ட்டுகளுக்குப் போகலாம்.

சரி, அத்தை மகன் விஷயம். அவர் செய்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரே ஆண்டில் பி2 என்றால் கடும் உழைப்பு. அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. பிரான்ஸில் பிரெஞ்சு வழியில் பட்டப்படிப்பு சேரப் பெரும்பாலும் கேட்கும் தகுதியும் அதுதான். நீங்களும் அந்தத் தேர்வை எழுதுங்கள். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25, மொத்தம் 100-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எதிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் உங்களால் முடியும். பட்டத்தை விட்டால்தான் அந்தச் சான்றிதழ் கிடைக்கும் என்றில்லை.

புரட்சி வகுப்பு அலுப்பாக இருக்கிறது என்று எழுதாவிட்டாலும் உங்கள் எழுத்தில் தெரிகிறது. ஆண்டுகளையும் பெயர்களையும் ஒப்பிக்க வைத்தால் யாருக்கும் அலுக்கும். ஒன்று சொல்கிறேன். தமிழ் நாளிதழில் தினமும் "இடதுசாரி", "வலதுசாரி" என்று படிக்கிறோமே, அந்தச் சொற்கள் 1789-இல் பிரான்ஸின் தேசிய மன்றத்தில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து பிறந்தவை. அரசருக்குச் சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் வேண்டும் என்றவர்கள் மன்றத் தலைவரின் வலப்பக்கம், கூடாது என்றவர்கள் இடப்பக்கம். அந்த நாற்காலி வரிசை நம் மொழிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

இன்னொன்று, "லாயிஸிதே". அகராதியில் "மதச்சார்பின்மை" என்று இருக்கும். எல்லா மதங்களையும் சமமாகப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டு பிரெஞ்சுச் செய்தியைப் படித்தால் தவறாகப் புரிந்துகொள்வீர்கள். அங்கே அது 1905 சட்டத்தில் வேரூன்றியது. அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, எந்த மதகுருவுக்கும் சம்பளம் தராது என்பது அதன் சாரம். ஆனால் நான் படித்த ஸ்ட்ராஸ்பூரில் பாதிரியார்கள் அரசுச் சம்பளம் வாங்குகிறார்கள்! 1905-இல் அந்தப் பகுதி ஜெர்மனியின் கையில் இருந்தது. திரும்பி வந்தபோது பழைய ஏற்பாடு அப்படியே தங்கிவிட்டது. ஒரு சொல்லுக்குச் சரியான பொருள் தெரிய ஒரு சட்டமும் ஒரு போரும் ஒரு எல்லைக்கோடும் தெரிய வேண்டியிருக்கிறது. உங்கள் பட்டத்தின் பெயரில் "பண்பாடு" என்று இருப்பது இதைத்தான்.

இனி அந்த 9 மதிப்பெண். முதலில், பிரெஞ்சு முறையில் 20-க்கு 10 தேர்ச்சி, 14 என்றாலே "நன்று", 16 "மிக நன்று". 20-க்கு 20 வாங்குகிறவர்கள் அபூர்வம். ஆகவே 9 நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தோல்வி இல்லை. ஆனால் காரணம் இருக்கிறது. கவிதையை ரசித்து எழுதினேன் என்கிறீர்கள். "எக்ஸ்ப்ளிகாஸியோன் த தெக்ஸ்த்" என்ற அந்தப் பயிற்சி ரசனையைக் கேட்பதில்லை, பொழிப்புரையையும் கேட்பதில்லை. கவிஞர் என்ன சொல்கிறார் என்று உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொன்னால் அதைப் பெரிய பிழையாகவே எடுத்துக்கொள்வார்கள். வேண்டியது, எப்படிச் சொல்கிறார் என்பது. இந்த வரி ஏன் பாதியில் உடைகிறது? மூன்று அடி வரை "நான்" வந்து நாலாவதில் "நாம்" ஏன் வருகிறது? வினைச்சொற்கள் எங்கே நிகழ்காலத்துக்கு மாறுகின்றன? இப்படிக் கேள்விகள் கேட்டு, அவற்றில் ஒன்றை மையமாக்கி, கவிதையின் நகர்வை அதைக்கொண்டு விளக்க வேண்டும். நான் முதல் ஆண்டில் எழுதிய விளக்கங்கள் எல்லாம் பொழிப்புரைகள்தாம். யாராவது ஒருவர் ஒரு கவிதையை எடுத்து வரிக்கு வரி செய்துகாட்டியிருந்தால் ஓர் ஆண்டு மிச்சமாகியிருக்கும். அடுத்து உங்களுக்கு வரப்போகும் "திஸெர்தாஸியோன்" கட்டுரையும் அப்படித்தான். வாதி, பிரதிவாதி, நீதிபதி மூவரும் நீங்களே. உங்களுக்குப் பிடிக்காத தரப்பையும் அதன் முழு பலத்தோடு எழுதிக்காட்ட வேண்டும். முதலில் கைகட்டிப் போட்டதுபோல இருக்கும். பழகிய பிறகு எந்தப் பிரச்சினையையும் பிரித்துப் பார்க்கும் கை வந்துவிடும்.

உங்கள் பாடத்திட்டம் பாரிஸிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் அதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. பிரெஞ்சு பேசும் நாடுகளின் கூட்டமைப்பு 2022-இல் கணக்கிட்டபடி உலகில் சுமார் 32 கோடிப் பேருக்கு இந்த மொழி தெரியும். அதை அன்றாடம் பேசுகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். செனகலின் முதல் குடியரசுத் தலைவரும் கவிஞருமான செங்கோர், 1635-இல் தொடங்கிய, பிரெஞ்சு மொழிக்கு வரையறை வகுக்கும் பிரெஞ்சு அகாதமிக்கு 1983-இல் தேர்வான முதல் ஆப்பிரிக்கர். ஆள வந்தவர்களின் மொழியை எடுத்து அதிலேயே தன் மண்ணைப் பாடியவர். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1977-இல் பிரெஞ்சைக் காக்கவே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 90-க்கு "நாலு இருபதும் பத்தும்" என்று கணக்குப் போடாமல் "நோனான்த்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நம் தொண்ணூறும் தொள்ளாயிரமும்கூட ஒழுங்குக்கு அடங்காதவைதானே! மூன்றாம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு கேட்பார்கள். பாரிஸுக்கு வெளியே ஏதாவது ஒன்றை எடுங்கள் என்பது என் ஆசை.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் கவலை நியாயமானது, மழுப்ப மாட்டேன். பிரெஞ்சுப் பட்டம் மட்டும் கையில் இருந்தால் நேரடியாகப் போகும் வழிகள் குறைவு. ஆசிரியப் பணி, மொழிபெயர்ப்பு, அப்புறம் ஆராய்ச்சி. பிரெஞ்சை வெளிநாட்டவருக்குக் கற்பிப்பதற்கென்றே தனி முதுகலைப் படிப்பு உண்டு. மொழிபெயர்ப்பில் சாதாரண வேலைகளை இப்போது இயந்திரம் செய்துவிடுகிறது. சட்டமோ மருத்துவமோ ஏதாவது ஒரு துறையை ஆழமாகத் தெரிந்தவருக்குத்தான் அங்கே இடம். அதனால் பிரெஞ்சோடு இன்னொரு காலை ஊன்றுங்கள். பொருளாதாரம், சர்வதேச உறவுகள், நூலகவியல், சுற்றுலா, எது பிடிக்கிறதோ அது. ஐ.நா. செயலகத்தில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் அலுவல் மொழி. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் நீதிபதிகள் தங்களுக்குள் கலந்து பேசுவது பிரெஞ்சில். இங்கெல்லாம் மொழி மட்டும் தெரிந்தவரைத் தேடமாட்டார்கள், ஒரு வேலை தெரிந்து அதைப் பிரெஞ்சிலும் செய்யக்கூடியவரைத் தேடுவார்கள். அப்பாவிடம் இதை இப்படியே சொல்லுங்கள். "வேலை கிடைக்கும்பா" என்று பொதுவாகச் சொல்வதைவிட, எந்த இரண்டாவது துறை என்று ஒரு பெயரோடு போய் நின்றால் அவர் கேட்பார்.

எனக்கு ஒரே ஒரு தயக்கம் இருக்கிறது. வாசிப்பதே உங்களுக்குப் பிடிக்கவில்லை, பேசினால் போதும் என்றுதான் இந்தப் படிப்புக்கு வந்தீர்கள் என்றால், விட்டுவிடுவது தவறில்லை. அதை உங்களைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கவிதையைப் பற்றி நான்கு பக்கம் எழுதியவர் அப்படிப்பட்டவர் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு பருவமாவது பிரெஞ்சு பேசும் நாட்டில் படிக்க வழியிருக்கிறதா என்று துறை அலுவலகத்தில் இந்த வாரமே கேளுங்கள். இதற்கான விண்ணப்பங்களைப் பல மாதங்கள் முன்பே வாங்கிவிடுவார்கள். பட்டம் முடிந்ததும் பிரான்ஸ் பள்ளிகளில் வாரம் 12 மணி நேரம் மொழி உதவியாளராக வேலை பார்க்கும் ஏற்பாடும் உண்டு, உங்கள் நாட்டு மாணவர்களை எடுக்கிறார்களா என்று சேர்த்தே விசாரியுங்கள். அந்த 9 வாங்கிய தாளைக் குப்பையில் போடாமல் எடுத்துக்கொண்டு போய், இதைத் திருத்தி எழுதித் தந்தால் பார்ப்பீர்களா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். ஆர்வத்தோடு வந்து நிற்கும் மாணவியை ஆசிரியர்கள் திருப்பி அனுப்புவது அபூர்வம்.

அந்த இரண்டு மாணவர்கள் ஊருக்குப் போக இன்னும் நாள் இருக்கிறதே? வாரம் ஒரு மணி நேரம் அவர்களோடு உட்காருங்கள். அரை மணி பிரெஞ்சு, அரை மணி தமிழ் என்று வைத்துக்கொள்ளலாம். உங்களுக்காக மெதுவாகப் பேச வேண்டாம், தங்களுக்குள் பேசுவதுபோலவே பேசட்டும் என்று சொல்லிவிடுங்கள். புரியாத இடத்தில் நிறுத்தி, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பதற்குப் பதிலாக "இதை யார் சொல்வார்கள், எப்போது சொல்வார்கள்?" என்று கேளுங்கள். அன்று ஸ்ட்ராஸ்பூரில் நான் அதைக் கேட்டபோது, அந்த ஒன்பது-மூன்று பெண் தட்டை நகர்த்திவிட்டு ஒரு மணி நேரம் எனக்குத் தன் ஊரைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.