மெட்டச்சனில் வீடு வாங்க நினைக்கும் அம்மாபேட்டைத் தம்பிக்கு

தம்பி, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள எடிசனில் வாடகைக்குக் குடியேறி நான்கு மாதங்களே ஆன நிலையில், பக்கத்திலுள்ள மெட்டச்சன் போன்ற சிறு ஊரில் இப்போதே வீடு வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடுமுறைக்குச் சேலம் வந்திருக்கும் நான், அழகாபுரத்து வீட்டு மாடியில் சேர்வராயன் மலையைப் பார்த்தபடி இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் வீடு வாங்கிப் பழகியவர்கள் அங்கே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அஸ்தம்பட்டியில் ஒரு வீடு விலைக்கு வந்தால் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுகளின் கையெழுத்து என்று காகிதங்களைத்தான் துருவுவோம். சுவரைத் தட்டிப் பார்ப்பவர் குறைவு. நியூ ஜெர்சியில் உரிமை வரலாற்றை டைட்டில் கம்பெனி தேடிப் பார்த்துக் காப்பீடும் தந்துவிடும். தரகர் தயாரித்த ஒப்பந்தத்தை மூன்று வேலை நாட்களுக்குள் உங்கள் வழக்கறிஞர் மறுக்கவும் திருத்தம் கேட்கவும் வழி இருக்கிறது. நீங்கள் துருவ வேண்டியது கட்டடத்தைத்தான். பெரும்பாலும் மரச்சட்டத்தில் எழுப்பிய வீடுகள் என்பதால் கரையான், கூரையின் வயது, பேஸ்மென்ட் எனும் நிலவறையின் ஈரம், மண்ணிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயு ஆகியவற்றோடு, பழைய வீடானால் தோட்டத்தில் புதைந்து கிடக்கக்கூடிய, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கான தொட்டியையும் சோதிக்கச் சொல்லுங்கள். தொட்டி கசிந்திருப்பது பின்னால் தெரியவந்தால், மண்ணைச் சுத்தம் செய்யும் செலவு வாங்கியவர் தலையில் விழக்கூடும்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். அங்கே நான் வாங்கிய வீட்டின் சோதனை அறிக்கையில் "பேஸ்மென்டில் பழைய ஈரத் தடம்" என்று ஒரு வரி இருந்தது. பத்திரத்தை நான்கு முறை படித்த நான் அந்த வரியைக் கடந்துபோனேன். அக்டோபர் மழையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மேட்டூர்த் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருந்து வளர்ந்தவன், வீட்டுக்குள் வந்த தண்ணீரை வெளியேற்ற இரவெல்லாம் விழித்திருந்தேன்.

அடுத்தது வரி. சேலத்தில் ஆறு மாதத்திற்கு ஒரு முறை கட்டும் சொத்துவரியை மனத்தில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நியூ ஜெர்சியில் ஒரு வீட்டின் சராசரி சொத்துவரி 2024ஆம் ஆண்டில் 10,000 டாலரைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு பள்ளிகளுக்குப் போகிறது. 30 ஆண்டுக் கடன் தீர்ந்த பிறகும் அந்த வரி தீராது. விலையில் 20 சதவீதத்திற்குக் குறைவாக முன்பணம் கட்டினால், பொதுவாகக் கடன் காப்பீட்டுத் தொகையும் மாதத் தவணையில் சேர்ந்துகொள்ளும்.

ஊர் நல்ல ஊர்தான். நாற்புறமும் எடிசன் சூழ்ந்த அந்தச் சிற்றூரிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி ரயில் உண்டு. ஓக் ட்ரீ ரோட்டிலுள்ள இந்திய மளிகைக் கடைகளும் தொலைவில்லை. ஆனால் ஹெச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், வேறு வழி தேடவோ நாடு திரும்பவோ அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான். அதற்குள் வீட்டை நல்ல விலைக்கு விற்பது எளிதன்று. ஆகவே ஒரு குளிர்காலமாவது வாடகையிலேயே இருங்கள் என்பதே என் கருத்து.

அதற்குள் மனத்திற்குப் பிடித்த வீடு அமைந்துவிட்டால், பெருமழை பெய்த மறுநாள் போய்ப் பேஸ்மென்டைப் பாருங்கள். சுவரின் அடிப்பகுதியில் மட்டும் புதுப் பெயின்ட் தெரிந்தால் காரணம் கேளுங்கள்.