மொத்தப் படத்தையும் ஒரே அடியா சின்னதாக்க: கேளுங்க, சொல்றேன்

மஞ்சக்குப்பத்திலிருந்து: அண்ணே, மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினத்துல எடுத்த படம் ஐந்நூறு கிடக்குது. ஒவ்வொண்ணும் பத்து எம்பி. எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவா வராது. சுலபமா, இலவசமா எதாவது?

விண்டோஸ் 10 இல்ல 11 வச்சிருந்தா பவர்டாய்ஸ் போடுங்க. மைக்ரோசாஃப்ட்டே சும்மா தருது, அதுக்குள்ள இமேஜ் ரீசைசர் இருக்கு. படங்களை மொத்தமாத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் பண்ணி ரீசைஸ் குடுங்க. 'லார்ஜ்' போதும், அது 1920-க்கு 1080 சட்டத்துக்குள்ள படத்தை அடக்கும். காப்பி தனியா விழும், ஒரிஜினல் அப்படியே இருக்கும். அங்கேயே ஒரிஜினலையே மாத்துறதுக்கு ஒரு கட்டம் இருக்கும், அதுல மட்டும் டிக் வைக்காதீங்க. இன்னைக்கு இதை இன்னும் பல தடவை சொல்லப் போறேன்.

திருப்பாதிரிப்புலியூர்: சார், எல்லாரும் இர்ஃபான்வியூங்கறாங்க. திறந்தா ஒரே பட்டனா இருக்கு.

பழகிட்டா விடமாட்டீங்க. 1996-லேர்ந்து வர்ற மென்பொருள், பழைய கம்ப்யூட்டர்லயும் ஓடும். திறந்ததும் பி எழுத்தை அழுத்துங்க, மொத்தமா மாத்துற ஜன்னல் வரும். படங்களைச் சேர்த்துட்டு அட்வான்ஸ்டு உள்ள போங்க. அகலம், உயரம் ரெண்டையும் தனித்தனியா நிரப்பாதீங்க. நிமிர்ந்த படமும் படுத்த படமும் கலந்திருந்தா எல்லாம் கோணும். நீளப் பக்கத்துக்கு மட்டும் அளவு குடுக்குற வழி இருக்கு, 1920 போடுங்க. ரீசாம்பிள் (ஓரம் வழுவழுன்னு வர்ற மாதிரி சின்னதாக்குற முறை) தேர்ந்தெடுத்திருக்கான்னு பாருங்க, இல்லேன்னா ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி உடையும். சின்னப் படத்தைப் பெருசாக்காதேங்கறதுக்கும் டிக் வைங்க. ஜேபெக் (JPG) தரம் 80-லேர்ந்து 85 வரைக்கும் போதும். 24 மெகாபிக்சல் படம் 6000-க்கு 4000. நீளத்தை 1920 ஆக்கினா பிக்சல் கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்காயிடும், ஃபைலும் அதுக்கேத்த மாதிரி இளைக்கும்.

சேமிக்கிற இடத்துக்குப் புது ஃபோல்டர் குடுங்க. படம் இருக்கிற ஃபோல்டரையே காட்டி, மேலெழுதவும் அனுமதி குடுத்தா ஒரிஜினல் போயிடும். சின்னதாக்குன படத்தைத் திரும்பப் பெருசாக்கினா பிக்சல் வரும், போன விவரம் வராது.

திருவந்திபுரம் பக்கம் கல்யாண போட்டோ எடுப்பவர்: முகூர்த்த நாள்னா மலைமேல ஜோடி ஜோடியா நிப்பாங்க. ராத்திரியே பொண்ணு வீட்டுக்குப் படம் போகணும். அதே இர்ஃபான்வியூ எனக்கும் ஆகுமா?

வேலை செய்யும். ஆனா உங்களுக்கு அது இலவசம் இல்லை. வீட்டுக்காரருக்குச் சும்மா, தொழிலுக்கு உரிமம் வாங்கணும். இதே வேலை செய்யுற எக்ஸ்என்கன்வெர்ட், ஃபாஸ்ட்ஸ்டோன் மென்பொருள் ரெண்டும் அப்படித்தான். காசு வாங்கி வேலை பார்க்கிறவங்க இந்த வரியைப் படிக்கிறதே இல்லை. செலவில்லாம வேணும்னா பவர்டாய்ஸ், இல்ல டிஜிகேம்ங்கற போட்டோ மென்பொருள். ரெண்டும் திறந்த மூலம், ஸ்டூடியோவுலயும் ஓட்டலாம். கமாண்ட் அடிக்கத் தெரிஞ்சா இமேஜ்மேஜிக். அதுல மோக்ரிஃபைங்கற கட்டளை, வேற ஃபோல்டர் காட்டலேன்னா ஒரிஜினல் மேலயே எழுதிடும். சொல்லிட்டேன்.

புதுச்சேரி, மேக் வச்சிருப்பவர்: எனக்கு?

ஃபைண்டர்லயே படங்களைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக், குயிக் ஆக்‌ஷன்ஸ், கன்வெர்ட் இமேஜ். மான்டரேங்கற மேக் பதிப்புலேர்ந்து இருக்கு. மேக்கோட கூடவே வர்ற பிரிவியூலயும் முடியும், ஆனா அது ஒரிஜினலையே மாத்தும். காப்பி எடுத்துட்டு உள்ள போங்க.

செம்மண்டலம்: அண்ணா, வேலைக்கு அப்ளிகேஷன் போடணும், போட்டோ 50 கேபிக்குள்ள கேக்குது.

ஒரே ஒரு படத்துக்கு மொத்த மென்பொருள் எதுக்கு? முதல்ல அளவைக் குறைங்க, அப்புறம் தரத்தை. 3.5-க்கு 4.5 சென்டிமீட்டர், 200 டிபிஐன்னு (ஒரு இஞ்சுக்கு இத்தனை புள்ளின்னு அர்த்தம்) கேட்டா 276-க்கு 354 பிக்சல். அந்த அளவுக்கு 50 கேபி தாராளம்.

கடலூர் ஓ.டி. (பழைய நகரம்), ஸ்டூடியோக்காரர்: தப்பா சொல்லித்தராதீங்க தம்பி. முதல்ல 300 டிபிஐ ஆக்கணும். 72-ல இருந்தா பிரிண்ட் உடையும். இருபது வருஷமா லேபுக்குக் குடுக்கிறேன்.

அண்ணே, உங்க அனுபவத்துக்குக் கும்பிடு. ஆனா 6000-க்கு 4000 படத்துல 72-ன்னு எழுதியிருந்தாலும் 300-ன்னு எழுதியிருந்தாலும் உள்ள இருக்கிறது அதே 2 கோடியே 40 லட்சம் பிக்சல்தான். அந்த டிபிஐ எண் ஃபைல் நெத்தியில ஒட்டின சீட்டு. ஆறுக்கு நாலு இஞ்ச் பிரிண்டுக்கு 1800-க்கு 1200 பிக்சல் இருந்தா போதும், சீட்டுல என்ன எழுதியிருந்தாலும் சரி.

அதே அண்ணன்: அப்ப 12-க்கு 36 இஞ்ச் ஆல்பம் ஷீட்டை 72-ல போட்டுப் பாருங்க, லேப்ல திருப்பி அனுப்புவான்.

அனுப்புவான், அது சரிதான்! அங்க நீங்க இஞ்ச்ல பக்கம் திறக்கிறீங்க. 36 இஞ்சை 300-ஆல பெருக்கி 10800 பிக்சல் உண்டாகுது, 72-ன்னா 2592-தான். இஞ்ச் குடுத்தா டிபிஐ பிக்சலைத் தீர்மானிக்கும். கேமராவுலேர்ந்து வந்த படத்துல பிக்சல் ஏற்கனவே தீர்மானமாயிடுச்சு. நாம ரெண்டு பேரும் வேற வேற விஷயத்தைப் பேசிட்டிருக்கோம்.

மஞ்சக்குப்பம் மறுபடி: அப்ப நான் 300 வைக்கணுமா வேண்டாமா?

வேண்டாம். பாருங்கண்ணே, ஒரு ஆளைக் குழப்பிட்டீங்க.

நெல்லிக்குப்பம்: ஆன்லைன்ல ஏத்தினா அதுவே குறைச்சுத் தருதே, மென்பொருள் எதுக்கு?

பூ படம், பீச் படம்னா ஏத்துங்க. ஆதாரையும் குழந்தைங்க படத்தையும் முன்பின் தெரியாத தளத்துல ஏத்தாதீங்க. போன்ல லொகேஷன் போட்டு எடுத்திருந்தா படத்துக்குள்ளயே இடம் பதிவாகியிருக்கும், அதுவும் கூடவே போகும்.

வில்லியனூர்: 50 கேபி ஆக்க எது நல்லது?

மேல செம்மண்டலத்துக்குச் சொன்னதேதான்.

பண்ருட்டி: சார், 20 கேபி கையெழுத்து?

அதேதான்!

பாகூர்: ஐபோன் படம் என் விண்டோஸ்ல திறக்கவே மாட்டேங்குது.

அது ஹெயிக் (HEIC), ஐபோன் படத்தைச் சேமிக்கிற ஃபைல் வகை. போன்ல செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மேட்ஸ், மோஸ்ட் கம்பேட்டிபிள். இனி எடுக்கிறது ஜேபெக்கா வரும். எடுத்து முடிச்சதை எக்ஸ்என்கன்வெர்ட்ல ஜேபெக் ஆக்கிக்கலாம், வேற ஃபோல்டர்ல.

சிதம்பரம்: பிச்சாவரத்துல படம் எடுக்க எந்த லென்ஸ் நல்லது?

அதை இன்னொரு நாள் வச்சுக்கலாம்.