90% அடைப்பை விட்டுவிட்டார்களே, டாக்டர்?

கேள்வி: வயது 56. ஆறு மாதம் முன்பு எடுத்த ஆஞ்சியோகிராமில் 'எல்.ஏ.டி. டைப் 3, ப்ராக்ஸிமல் 40%, ஓ.எம்.2 டிஸ்டல் 90%, ஆர்.சி.ஏ. டாமினன்ட், மிட் 30%' என்று இருக்கிறது. ஸ்டென்ட் வைக்கவில்லை, மாத்திரை மட்டும்தான். எல்.ஏ.டி. (இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாய்) அடைப்புக்கு 'விடோ மேக்கர்' (விதவையாக்கி) என்று பெயராம். இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. பைபாஸ் செய்துகொள்ளவா? அட்டோர்வாஸ்டாட்டின், ஆஸ்பிரின், மெட்டோபிரோலால் மூன்றையும் ஒரு மாதமாக நிறுத்திவிட்டு, வாட்ஸ்அப்பில் வந்தபடி இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு குடிக்கிறேன். மாடி ஏறினால் வந்த நெஞ்சு இறுக்கம் பத்து நாளாகக் குளிக்கும்போதும் வருகிறது.

பதில்: கடைசி வரியை முதலில் எழுதியிருக்க வேண்டும். மாடி ஏறினால் வந்து, நின்றால் இரண்டு நிமிடத்தில் போகிற இறுக்கம் ஒரு ரகம். அதுவே சின்ன வேலைக்கெல்லாம் வர ஆரம்பித்தால் கதையே வேறு. இன்றே, அடுத்த ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல், இதய சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும். இ.சி.ஜி.யும், இதயத் தசை சேதமாகியிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். முதல் இ.சி.ஜி. நார்மல் என்றதும் கிளம்பிவிடாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும் என்றால் இருங்கள்.

அதற்குள் இறுக்கம் வந்தால், உட்கார்ந்துகொண்டு (நின்றபடி வேண்டாம், பி.பி. இறங்கி விழுவீர்கள்) சார்பிட்ரேட் 5 மி.கி. (நெஞ்சுவலி மாத்திரை) ஒன்றை நாக்குக்கு அடியில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ 108. வயாக்ரா வகை மாத்திரை சாப்பிட்டிருந்தால் சார்பிட்ரேட்டைத் தொடாதீர்கள், வருபவர்களிடம் அதை மறைக்கவும் வேண்டாம்.

இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரோலாலைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி அதிகமாகும், சிலருக்கு மாரடைப்பே வரும். அந்த மருந்தின் தகவல் குறிப்பிலேயே எச்சரித்திருப்பார்கள். பூண்டுச் சாறு அடைப்பைக் கரைக்காது. வாட்ஸ்அப்பில் அதை அனுப்பியவர் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தவரும் அல்ல.

இனி அந்த ரிப்போர்ட். 'டைப் 3' என்பது மூன்றாம் கட்ட நோய் இல்லை. எல்.ஏ.டி. நீளமாக ஓடி இதயத்தின் நுனியைச் சுற்றி வருகிறது, அவ்வளவுதான். ஆர்.சி.ஏ. என்பது வலது ரத்தக்குழாய். அது 'டாமினன்ட்' என்பதும் நோய் இல்லை. இதயத்தின் பின்பக்கத்துக்கு ரத்தம் தரும் கிளை வலது குழாயிலிருந்து பிரிகிறது என்று அர்த்தம். முக்கால்வாசிப் பேருக்கு மேல் அப்படித்தான். அதில் உள்ள 30 சதவீதத்துக்காக யாரும் பைபாஸ் செய்வதில்லை.

நீங்கள் சதவீதத்தைப் படித்தீர்கள், இடத்தைப் படிக்கவில்லை. ப்ராக்ஸிமல் என்றால் குழாய் தொடங்கும் பகுதி, எல்.ஏ.டி.யில் முதல் செப்டல் கிளை (இதயத்தின் நடுச்சுவருக்குப் போவது) பிரியும் இடம் வரை. மிட் நடு, டிஸ்டல் கடைசி. தலைமடையில் அடைத்தால் ஊர் வயலெல்லாம் காயும். கடைமடையில் அடைத்தால் இரண்டு வயல் காயும். ஓ.எம்.2 இடது பக்கச் சுவருக்குப் போகும் கிளை. உங்களுக்கு 90% இருப்பது அதன் வால் பகுதியில். அந்த இடத்தில் குழாயின் அகலம் பெரும்பாலும் 2 மி.மீ.க்கும் குறைவு. அதற்குள் ஸ்டென்ட் வைத்தால் மறுபடி அடைபடும் வாய்ப்பு அதிகம், காப்பாற்றும் தசையோ கொஞ்சம். விட்டது சரிதான்.

ப்ராக்ஸிமல் எல்.ஏ.டி. அப்படியல்ல. இதயத்தின் முன்சுவர் முழுக்க அதை நம்பித்தான் இருக்கிறது. 'விடோ மேக்கர்' என்ற அந்தப் பயங்கரப் பெயர், இந்த இடம் மொத்தமாக அடைபடுவதற்கு வைத்தது. 40% ரத்த ஓட்டத்தைத் தடுக்காது, அதனால் அங்கே ஸ்டென்டுக்கு வேலை இல்லை. ஆனால் மாரடைப்பு பல நேரம் இப்படிச் சாதுவாகத் தெரியும் கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால்தான் வருகிறது. திட்டு வெடிக்காமல் கெட்டிப்படுத்துவது அட்டோர்வாஸ்டாட்டின், ரத்தம் உறைவதைத் தடுப்பது ஆஸ்பிரின். நீங்கள் 90-ஐ நினைத்துத் தூக்கம் கெட்டு, 40-க்கான காவலை எடுத்துவிட்டீர்கள். எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழே, முடிந்தால் 55-க்குக் கீழே இருக்கவேண்டும்.

பைபாஸா, ஸ்டென்டா, பழைய மாத்திரையேவா என்பதை இன்றைய பரிசோதனைகளைப் பார்த்த பிறகு அங்கே சொல்வார்கள். போகும்போது ரிப்போர்ட் தாளோடு ஆஞ்சியோ சி.டி.யையும் எடுத்துப் போங்கள். அந்த 40 ஒருவரின் கண்மதிப்பு. படத்தைப் பார்க்கும் இன்னொருவர் 60 என்று சொல்லலாம். சந்தேகம் வந்தால் எஃப்.எஃப்.ஆர். என்ற பரிசோதனையில் ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, அடைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தின் விகிதத்தை அளப்பார்கள், 0.80-ஓ அதற்குக் கீழோ வந்தால் அந்த அடைப்பு ரத்தத்தைத் தடுக்கிறது என்று பொருள்.