விண்ணேறும் சுடரும் கேமராவும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: விண்வெளி வீரர்கள் புறப்படும் ஏவுதல் ஒன்றை முதன்முறையாக நேரில் காணப்போகிறேன். பகல் வேளை. பார்வையாளர் பகுதி ஏவுதளத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. என்னிடம் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமராவும் 300 மி.மீ. லென்ஸும் உள்ளன. நல்ல படம் கிடைக்குமா?

பதில்: நிச்சயமாகக் கிடைக்கும். ஆனால் எத்தகைய படம் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். 70 மீட்டர் உயரமுள்ள ராக்கெட் பத்து கிலோமீட்டர் தொலைவில் நிற்கும்போது, 300 மி.மீ. லென்ஸ் வழியாக உங்கள் கேமராவின் சென்சாரில் அது இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்குத்தான் விழும். போதாக்குறைக்கு, வெயிலில் சூடேறிய காற்று தரையை ஒட்டி அலையலையாக எழுந்து, தொலைவில் உள்ள எதையும் நெளியச் செய்யும். எவ்வளவு உயர்ந்த லென்ஸாலும் இதைச் சரிசெய்ய இயலாது. ஆகவே, ராக்கெட்டின் உடலில் எழுதியிருப்பதெல்லாம் படத்தில் தெரிய வேண்டும் என்று ஆசைப்படாமல், தொடுவானத்தையும், இடையில் உள்ள நீர்ப்பரப்பையும், முன்னால் நிற்கும் மக்களையும், அவர்களுக்கு அப்பால் எழும் புகைத்தூணையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவர முயலுங்கள். ஏவுதளத்துக்கு அருகே வைக்கப்படும் கேமராக்களுக்குக் கிடைக்காத காட்சி அது.

தானியங்கி முறைகள் அனைத்தையும் அணைத்துவிடுவதே முதல் வேலை. புறப்பாட்டுக்கு முன் கேமரா அளந்து வைத்த ஒளியளவு, எஞ்சின்கள் பற்றிக்கொண்ட மறுகணமே பொருந்தாமல் போய்விடும். சுடர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் திட்டு மிஞ்சும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்திறன்) 200, அபெர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப் 8, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/1600 நொடி என்று தொடங்குங்கள். இது வெயில் காட்சிக்கு வழக்கமாக வைப்பதைவிட ஒரு படி இருண்ட அமைப்பு. நிழற்பகுதிகளைப் பின்னர் ஓரளவு மீட்டுக்கொள்ளலாம், வெளுத்துப்போன சுடரை மீட்கவே முடியாது. ஏவுகோபுரத்தின் மீது கையால் ஃபோகஸ் செய்து, வளையம் நகராதபடி ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள். ஏவுதலுக்கான இறங்குமுக எண்ணிக்கை பத்தைத் தொட்டவுடனேயே தொடர்ந்து படமெடுக்கத் தொடங்கிவிட்டால், ராக்கெட் கோபுரத்தைக் கடக்கும் நேரத்தில் கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பி நின்றுவிடும். அப்பல்லோ காலத்துச் சாட்டர்ன் 5 கோபுரத்தைக் கடக்கவே ஏறத்தாழ 12 நொடிகள் எடுத்துக்கொண்டது. இன்றைய ராக்கெட்டுகள் பலவும் அதைவிட விரைவாக எழுந்துவிடுகின்றன. எனவே சுடர் கண்ணில் பட்ட பிறகு, சிறு சிறு கொத்துகளாக எடுப்பதே நல்லது.

கேள்வி: சில ராக்கெட்டுகளின் தழல் கண்ணைப் பறிக்கிறது, வேறு சிலவற்றில் தழலே தெரிவதில்லை. இதற்கு என்ன காரணம்?

பதில்: எரிபொருள்தான். திரவ ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரிந்தால் நீராவியே வெளிவரும். ஒளிர்வதற்குக் கரித்துகள் இல்லாததால் அந்தச் சுடர் பகலில் ஏறக்குறைய மறைந்துவிடும். மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் கரித்துகள்கள் பழுத்து ஒளிர்வதால் மஞ்சளும் ஆரஞ்சும் தோன்றும். திட எரிபொருளில் கலந்துள்ள அலுமினியத் தூள் இவை எல்லாவற்றையும் மிஞ்சும் வெண்ணொளியைத் தரும். அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பழைய படங்களைப் பாருங்கள்: வால்பகுதி எஞ்சின்கள் மூன்றின் மெல்லிய நீலச் சுடரும், பக்கவாட்டு உந்திகள் இரண்டின் பேரொளியும் அருகருகே தெரியும். நீங்கள் பார்க்கப்போகும் ராக்கெட் எதனால் இயங்குகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே ஒளியளவை முடிவுசெய்யுங்கள்.

கேள்வி: இரவு வானில் ஒரே ஒளிக்கோடு வில்லாக வளைந்து செல்லும் படங்களை எப்படி எடுக்கிறார்கள்? அந்தக் கோடு முடிவில் கீழே இறங்குவதுபோல் தெரிகிறதே, ராக்கெட் விழுகிறதா?

பதில்: விழவில்லை. சுற்றுப்பாதையில் நிலைக்க வேண்டுமானால், உயரத்தை அடைவதோடு, பூமிக்கு இணையாக நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தையும் ராக்கெட் பெற்றாக வேண்டும். அதனால் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே அது சாயத் தொடங்குகிறது. உயரம் கூடிக்கொண்டே இருந்தாலும், நம்மைவிட்டு வெகுதூரம் விலகிச் செல்வதால் தொடுவானத்தை நோக்கித் தாழ்வதுபோல் நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. பறப்பு இயக்கவியலின் பாடம் முழுவதும் அந்த ஒற்றைக் கோட்டில் வரையப்பட்டிருப்பதால்தான் இவ்வகைப் படங்கள் மீது எனக்குத் தனி ஈடுபாடு.

எடுக்கும் முறை எளிது. உறுதியான முக்காலி, அகலக்கோண லென்ஸ், ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப் 11 முதல் 16 வரை. திட எரிபொருள் உந்திகள் இருந்தால் எஃப் 22 வரைகூடப் போகலாம். ஷட்டரை பல்ப் முறையில் (நாமே மூடும் வரை திறந்திருக்கும் முறை) வைத்து, கேபிள் மூலம் திறந்து, மூன்று நான்கு நிமிடங்கள் கழித்து மூடுங்கள். கோடு எந்தப் பக்கம் வளையும் என்பதை முன்னரே அறிந்திருப்பதுதான் கடினமான பகுதி. பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் பாதை பூமத்திய ரேகைக்கு 51.6 பாகை சாய்ந்திருப்பதால், புளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து அங்கே செல்லும் வீரர்கள் வடகிழக்கு நோக்கிக் கடற்கரையை ஒட்டியே பறக்கிறார்கள். அதற்கேற்பச் சட்டகத்தின் அந்தப் பக்கத்தில் இடம் விட வேண்டும். சூரிய உதயத்துக்குச் சற்று முன்போ, மறைவுக்குச் சற்றுப் பின்போ ஏவுதல் அமைந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்: தரை இருண்டிருக்க, உயரத்தில் விரியும் புகை மட்டும் வெயில்பட்டு ஒரு பெரும் ஜெல்லிமீனாக ஒளிரும். அதற்கு நீண்ட ஒளிப்பதிவு வேண்டாம். ஓரிரு நொடிகளுக்குள் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஏவுதளத்துக்குள் யாரும் நிற்க முடியாது. அப்படியிருக்க, எஞ்சின்களுக்கு வெகு அருகிலிருந்து எடுத்த படங்களில் பொத்தானை அழுத்தியவர் யார்?

பதில்: ராக்கெட்டின் ஓசையேதான். ஒளிப்படக் கலைஞர்கள் ஏவுதலுக்கு முன்பே அனுமதியுடன் உள்ளே சென்று கேமராவை நிறுத்திவிட்டு வருகிறார்கள். எஞ்சின்கள் முழங்கியதும் ஒலியுணர் கருவி ஷட்டரை இயக்குகிறது. முக்காலியைத் தரையில் ஆணியடித்தோ மணல்மூட்டை தொங்கவிட்டோ அசையாமல் நிறுத்த வேண்டும். மழைக்கு உறை போட வேண்டும். கடலோர இரவுகளில் லென்ஸில் பனி படியாதபடி சிறு வெப்பப்பட்டை சுற்ற வேண்டும். பல மணி நேரம் உறங்கிக் கிடக்கும் கேமராவுக்கு பேட்டரி தாங்க வேண்டும். திரும்பி வந்த பிறகு எதையும் திருத்த வழியில்லை. எல்லாத் தீர்மானங்களையும் காட்சி நிகழும் முன்பே எடுத்து முடிக்கும் இந்த ஒழுக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

2018 மே 22 அன்று கலிபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்தில், நாசாவின் ஒளிப்படக் கலைஞர் பில் இங்கல்ஸ் வைத்திருந்த கேமரா ஒன்று உருகிப்போனது. பலரும் நினைத்ததுபோல் ராக்கெட்டின் தழல் அதற்குக் காரணமில்லை. ஏவுதளத்துக்கு மிக அருகே அவர் வைத்திருந்த மற்ற கேமராக்கள் தப்பின. தொலைவில் இருந்த இதைத்தான் ஏவுதலுக்குப் பின் மூண்ட புதர்த்தீ வந்து சுட்டது. மெமரி கார்டு பிழைத்ததால், தீ நெருங்கி வரும் காட்சியும் பதிவாகிக் கிடைத்தது.

கேள்வி: ஒவ்வோர் ஏவுதலும் நேரலையில் தெளிவாகக் காட்டப்படும் காலம் இது. இத்தனை பேர் இத்தனை படம் எடுப்பதால் அழகைத் தவிர வேறு பயன் உண்டா?

பதில்: உண்டு, சில வேளைகளில் அது உயிர் சார்ந்த விஷயம். 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா ஓடம் புறப்பட்ட 82ஆவது நொடியில், எரிபொருள் வெளித்தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைக்காப்புத் துண்டு ஒன்று இடது இறக்கையின் முன்விளிம்பைத் தாக்கியது. அது தெரியவந்தது கண்காணிப்புக் கேமராக்களின் பதிவுகளை மறுநாள் ஆராய்ந்தபோதுதான். ஆனால் நல்ல கோணத்தில் இருந்திருக்க வேண்டிய ஒரு கேமரா ஃபோகஸ் பிசகியிருந்தது. சேதம் எவ்வளவு என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிப்ரவரி 1 அன்று, பூமிக்குத் திரும்பும் வழியில் ஏழு வீரர்களும் உயிரிழந்தனர். விசாரணைக் குழு தன் பரிந்துரைகளில் ஒன்றாக, ஏறுமுகத்தின்போது குறைந்தது மூன்று பயனுள்ள கோணங்களிலிருந்து ஓடத்தைப் படம்பிடிக்க ஏற்பாடு வேண்டும் என்று வலியுறுத்தியது. 2005 ஜூலையில் ஓடம் மீண்டும் பறந்தபோது, தொட்டியிலேயே பொருத்தியிருந்த கேமரா, நுரைக்காப்பு மறுபடியும் பெயர்வதைக் காட்டிக்கொடுத்தது. ஃபோகஸ் வளையத்தைப் பற்றி மேலே அவ்வளவு வற்புறுத்திச் சொன்னேன். பொறியாளர்களின் கேமராக்களில் அதே சிறு கவனத்துக்கு எவ்வளவு பெரிய பொறுப்பு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: செயற்கைக்கோளை ஏற்றிச் செல்லும் ராக்கெட்டும் பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கிறது. மனிதர்கள் செல்லும்போது மட்டும் ஏன் இத்தனை பரவசம்?

பதில்: உச்சியில் உயிர் இருக்கிறது என்று அறிந்து பார்ப்பதால். 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் 108 நிமிடங்களில் உலகைச் சுற்றித் திரும்பிய பிறகு இத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்னும் பூமியைவிட்டு மேலே சென்றவர்களின் எண்ணிக்கை சில நூறுகளில்தான் இருக்கிறது. அமெரிக்க மண்ணிலிருந்து 2011 ஜூலைக்குப் பின் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் ஒருவரும் சுற்றுப்பாதைக்குச் செல்லவில்லை; 2020 மே 30 அன்று நாசா வீரர்கள் பாப் பென்கனும் டக் ஹர்லியும் புறப்பட்டபோது அந்த இடைவெளி முடிந்தது. இது இன்னும் வழக்கமான செயலாகிவிடவில்லை, ஆகிவிட்டதுபோல் பேசுவதை நான் ஏற்பதில்லை. அப்பல்லோ 8 வீரர் பில் ஆண்டர்ஸ், 1968 டிசம்பர் 24 அன்று நிலவின் விளிம்புக்கு மேல் பூமி எழுவதைப் படம்பிடித்தார். அந்தப் படம் பயணத் திட்டத்தில் இல்லை. சன்னல் வழியே பார்த்த மனிதர் வியந்து, அவசரமாக வண்ணச் சுருளைக் கேட்டு வாங்கி எடுத்தார். வியக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்ததால் கிடைத்த படம் அது. அதனால் உங்களுக்கும் சொல்கிறேன்: கேமராவை முக்காலியில் பூட்டி, கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு, கண்களை வானத்துக்கே கொடுங்கள். பத்து கிலோமீட்டர் தொலைவில் ஓசை வந்து சேர அரை நிமிடம் ஆகும். அது நெஞ்சில் அதிரும்போது திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

கேள்வி: கடைசி நேரத்தில் ஏவுதல் தள்ளிப்போனால் என்ன செய்வது?

பதில்: காத்திருக்க வேண்டும், பயணத்தைத் திட்டமிடும்போதே சில நாள்களைக் கூடுதலாக ஒதுக்கிவிடுங்கள். பென்கனும் ஹர்லியும் முதலில் மே 27 அன்று புறப்பட வேண்டியவர்கள். சுமார் 17 நிமிடங்கள் மீதமிருந்தபோது வானிலை காரணமாக அது நிறுத்தப்பட்டது. விண்வெளி நிலையத்தின் பாதைக்கு நேராக ஏவுதளம் வரும் கணத்தில்தான் புறப்பட முடியும் என்பதால், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் அந்த நேரம் இருபது நிமிடங்களுக்கு மேல் முன்னே நகரும். மே 27இல் மாலை 4.33 மணியாக இருந்தது, மே 30இல் பிற்பகல் 3.22 மணியாயிற்று. அந்தி வெளிச்சத்தை நம்பி நீங்கள் குறித்து வைத்த ஒளியளவு புதிய நேரத்துக்குப் பொருந்தாது. மறுதேதி அறிவிக்கப்பட்டதும், சூரியன் எங்கே இருக்கும் என்பதைப் பார்த்து மீண்டும் கணக்கிடுங்கள்.