மனித உரிமையை மீறும் அரசுக்கு வெளிநாட்டு உதவியை நிறுத்தினால் பலன் உண்டா?

உதவியை நிறுத்தினால் வயிறு காய்வது ஏழைக்குத்தான், சர்வாதிகாரிக்கு என்ன வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பணத்தை நிறுத்துகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆப்பிரிக்க நாடான மலாவியில் 1992இல் நடந்ததைச் சொல்கிறேன்.

1964இல் விடுதலை கிடைத்ததிலிருந்து அங்கே ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் ஆட்சிதான். 1971இல் ஆயுட்கால அதிபரே ஆகிவிட்டார். 1983இல் மூன்று அமைச்சர்களையும் ஒரு எம்.பி.யையும் போலீஸே கொன்றுவிட்டு, கார் விபத்து என்று கதை கட்டியது. பண்டா கம்யூனிச எதிர்ப்பாளர் என்பதால் மேற்கு நாடுகள் அதன் பிறகும் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. என்னால் இதை மன்னிக்கவே முடியாது.

1992 மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை. நாடெங்கும் கத்தோலிக்கக் கோயில்களில் ஆயர்களின் சுற்றுமடல் வாசிக்கப்பட்டது. வாய் திறந்து பேச முடியவில்லை, நீதி எல்லோருக்கும் ஒன்றாக இல்லை, பள்ளிகளும் மருத்துவமனைகளும் நெரிசலில் திணறுகின்றன என்று வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம் என்றது அரசு. ஆயர்களைப் பிடித்து விசாரித்தார்கள். மக்களோ நகலெடுத்துக் கைமாற்றிக்கொண்டே இருந்தார்கள். மே மாதம் பிளான்டயர் நகரில் துணி ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் கலவரமாகி, சுமார் 40 பேர் உயிரிழந்தார்கள்.

அதே மாதம் பாரிஸில் கூடிய கொடையாளி நாடுகள் புதிய வளர்ச்சி உதவியை நிறுத்திவைத்தன. அப்போது கடும் வறட்சி. மொசாம்பிக்கிலிருந்து வந்த அகதிகளே சுமார் 10 லட்சம் பேர். அவர்களுக்கான உணவிலும் வறட்சி நிவாரணத்திலும் கை வைக்கவில்லை. அரசு கஜானாவுக்குப் போகும் பணம் மட்டும் நின்றது. அக்டோபரில் பண்டா பொதுவாக்கெடுப்புக்கு இறங்கிவந்தார். 1993 ஜூனில் 63 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பலகட்சி ஆட்சி வேண்டும் என்றார்கள். 1994 தேர்தலில் பண்டா தோற்றார்.

பணத்தடை மட்டும் இதைச் சாதித்தது என்று நான் சொல்லவில்லை. உள்ளே ஆயர்களும் தொழிலாளர்களும் உயிரைப் பணயம் வைத்து எழுந்த பிறகு வந்த அழுத்தம் அது.

கென்யாவிலும் 1991 நவம்பரில் கொடையாளிகள் இதையே செய்தார்கள். சில வாரங்களில் அதிபர் மோய் பலகட்சி முறைக்குச் சம்மதித்தார். ஆனால் ரிஃப்ட் பள்ளத்தாக்கில் இனக் கலவரம் மூண்டது, எதிர்க்கட்சிகள் சிதறின, 36 சதவீத வாக்கிலேயே அவர் மறுபடி ஜெயித்தார். உதவியும் திரும்ப வந்துவிட்டது. தேர்தல் நடத்தினால் போதும் என்று நிபந்தனையைக் குறுக்கியதுதான் கொடையாளிகள் செய்த தவறு. சுதந்திரமான நீதிமன்றம், பத்திரிகைகள் மீது கைவைக்காமை, கலவரத்தைத் தூண்டியவர்கள் மீது வழக்கு, இவற்றையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.