கத்தி வேணாம், கத்தரிக்கோல் போதும்: பசங்களுக்கு நந்தலால் போஸ் மாதிரி ஒரு பிரிண்ட்

திருமங்கலத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: லீவுல தெரு பசங்க 7 வயசுல இருந்து 10 வயசு வரைக்கும் எங்க வீட்டுக்கு வர்றாங்க, வெண்டைக்கா உருளைக்கிழங்கு அச்செல்லாம் போட்டு போரடிச்சிருச்சு, ஒரு பெரிய ஓவியரை வச்சு பிரிண்ட்மேக்கிங் சொல்லிக்குடுக்கலாம்னா கத்தி குடுக்க பயமா இருக்கு, செலவும் கம்மியா இருக்கணும்.

நெட்ல தேடுனா எடுத்ததும் ஜப்பான் ஓவியர் ஹொகுசாயோட அலைதான் வரும். சூப்பர் படம்தான், ஆனா அது ஒவ்வொரு கலரா பல மரக்கட்டைய செதுக்கி அச்சடிச்சது, சின்னப் பசங்களுக்கு அது எதுக்கு. என்னய கேட்டா வங்காள ஓவியர் நந்தலால் போஸ்தான். 1930 தண்டி யாத்திரையப்ப காந்தி தடிய ஊனி நடக்குறத லினோகட்டா, அதாவது லினோலியம் ஷீட்ட செதுக்கி அச்சடிக்குற படமா பண்ணாருல்ல, வெறும் கறுப்பு வெள்ளை, அதுலயே நடையோட வேகம் தெரியும். நமக்கு இன்னொரு வசதி, 1921 செப்டம்பர்ல காந்தி சட்டைய விட்டுட்டு அரை வேட்டிக்கு மாறுனது நம்ம மதுரை மேலமாசி வீதில தங்கியிருந்தப்பதான், அதையும் சொல்லுங்க, முடிஞ்சா தமுக்கம் பக்கத்துல காந்தி மியூசியத்துக்கும் ஒரு நடை கூட்டிட்டுப் போயிட்டு வந்துருங்க.

ஆனா காந்தியவே பாத்து வரைய விட்டுறாதீங்க, எல்லாம் ஒரே மொட்டைத்தலை கண்ணாடியா வந்து நிக்கும். அவங்க பாத்த ஆள் யாராச்சும் நடக்கணும், அதான் கண்டிஷன். தாத்தா, பூக்கூடைக்காரம்மா, சித்திரைத் திருவிழால தோல்பையோட தண்ணி பீச்சிட்டுப் போறவரு, யாரா இருந்தாலும் சரி.

தெர்மாகோல் தட்டுல கீறி அச்செடுக்குற வீடியோ நிறைய இருக்கு, நம்ம ஊர்ல 2019ல இருந்து அந்தத் தட்டுக்குத் தடை, பேக்கிங்ல வர்ற தெர்மாகோல்ல கீறுனா குருணை குருணையா உதிரும். ஸ்டேஷனரி கடைல பிளெய்ன் ஃபோம் ஷீட் வாங்கிக்கோங்க, ஜிகினா போட்டது வேணாம். பேனாவால லேசா கீறுனா கோடு திரும்ப உப்பிக்கும், அதனால கீறாம வெட்டச் சொல்லுங்க. ஆள் உருவத்த ஒரு ஓரமும் கிழியாம வெட்டி எடுத்துட்டு, ஓட்டையா மிச்சம் இருக்குற ஷீட்ட ஒரு அட்டைல ஃபெவிகால் போட்டு ஒட்டணும், வெட்டுன ஆள இன்னொரு அட்டைல ஒட்டணும். மொத அட்டைல கறுப்புக்கு நடுவுல வெள்ளை ஆள் வருவாரு, ரெண்டாவதுல வெள்ளைல கறுப்பு ஆள். இந்த எடத்துல பசங்க கத்துவாங்க பாருங்க! வெள்ளை ஆளுக்கு வேட்டி மடிப்பு, கைத்தடி எல்லாம் வேணும்னா மெல்லிசா ஃபோம் துண்டு நறுக்கி அந்த ஓட்டைக்குள்ள ஒட்டிக்கலாம்.

படம் இடவலம் மாறித்தான் விழும், வலது கைல குச்சி வேணும்னா அட்டைல இடது கைல இருக்கணும், இத முன்னாடியே சொல்லாதீங்க, மொத பிரிண்ட்ட பாத்து அவங்களே கண்டுபிடிக்கட்டும். பேர் எழுதுறவங்க மட்டும் மெல்லிசு பேப்பர்ல எழுதி திருப்பிப் போட்டு அதப் பாத்து வெட்டணும்.

கலர் விஷயத்துலதான் முக்கால்வாசி பேர் கோட்ட விடுறாங்க. போஸ்டர் கலர் நம்ம மே மாச வெயிலுக்கு பேப்பர் வைக்குறதுக்குள்ள காஞ்சிரும், தண்ணி ஊத்துனா ஓடிரும். ஒரு ஸ்பூன் கறுப்புக்கு மெடிக்கல்ல வாங்குன கிளிசரின் நாலஞ்சு சொட்டு விட்டுக் குழைங்க, அச்செடுக்குற வரைக்கும் ஃபேன ஆஃப் பண்ணிருங்க. பிரஷ் வேணாம், ஸ்பாஞ்சால மெல்லிசா ஒத்தி எடுங்க. மேல சாதா ஏ4 பேப்பர வச்சு ஒரு கை அசையாம புடிச்சுக்க, இன்னொரு கையால ஸ்பூன் முதுக வச்சு நடுவுல இருந்து ஓரத்துக்கு தேய்க்கணும். மொத ரெண்டு பேப்பர் மங்கலாத்தான் வரும், ஃபோம் மேல கலர் நல்லா படிஞ்சதுக்கப்புறம் சரியாயிரும்.

நிஜ லினோவும் கத்தியும் 12 வயசுக்கு மேல, பக்கத்துல ஒரு பெரியவங்க இருந்தா மட்டும் குடுங்க, புடிக்குற கை எப்பவும் கத்திக்குப் பின்னாடிதான் இருக்கணும். லினோ வெறப்பா இருந்தா கொஞ்ச நேரம் வெயில்ல வச்சா இளகிரும், நம்ம ஊர்ல அதுக்கா பஞ்சம்.